மரச்சாண்டரால் கார் பெயிண்டைப் பாலிஷ் போடலாமா? கருவிக்குக் கருவி ஓர் அலசல்

மரவேலைக்கு வாங்கிய 125 மி.மீ. ரேண்டம் ஆர்பிட் சாண்டர் (சுழன்றபடியே சின்ன வட்டமாகவும் துடிக்கும் தேய்ப்புக் கருவி) கையில் இருக்கிறது. அதன் அடியில் வெல்க்ரோ பிளேட். கார் பாலிஷ் பேடின் முதுகிலும் வெல்க்ரோதான். ஒட்டிப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்புறம் எதற்குத் தனியாக ஒரு பாலிஷர்?

கேள்வி அபத்தமானதல்ல. போர்ட்டர்-கேபிள் நிறுவனம் 7336 என்ற எண்ணில் ஒரு சாண்டரையும், 7424 என்ற எண்ணில் ஒரு பாலிஷரையும் விற்றது. உடல் ஒன்று, மோட்டாரும் ஒன்று. மாறியது அடிப்பேடும், அதிர்வைச் சமன்செய்ய உள்ளிருக்கும் எதிர்எடையும் மட்டுமே. ஆனால் அந்தச் சாண்டர் இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய வகை. அதன் வீச்சு சுமார் 8 மி.மீ. இன்று பலரிடம் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் வகை. அதன் வீச்சு 2.4 முதல் 3 மி.மீ. வரைதான். பாதி விடை இந்த எண்ணிலேயே இருக்கிறது.

வீச்சுதான் வேலை செய்கிறது, வாட் அல்ல

வீச்சு என்பது பேட் ஒவ்வொரு சுற்றிலும் போடும் சின்ன வட்டத்தின் விட்டம். அதை வைத்துப் பேட் நிமிடத்துக்கு எவ்வளவு தூரம் உரசுகிறது என்று கணக்குப் போடலாம். 2.4 மி.மீ. வீச்சுள்ள சாண்டரை 10,000 அசைவில் ஓட்டினால் 75 மீட்டர். 8 மி.மீ. பாலிஷரை 5,000-இல் ஓட்டினால் 126. அதுவே 15 மி.மீ. பாலிஷரை 4,500-இல் ஓட்டினால் 212, 21 மி.மீ. பாலிஷரை 4,000-இல் ஓட்டினால் 264.

அந்த 75 மீட்டரும் பெயிண்டுக்கு முழுசாகப் போய்ச் சேர்வதில்லை. பாலிஷ் பேடின் நுரை வழக்கமாக 25 மி.மீ. தடிமன். சாண்டரின் பிளேட் நடுவிலிருந்து பக்கத்துக்கு 1.2 மி.மீ. நகரும்போது, அந்த நுரை 3 பாகைகூடச் சாய வேண்டியதில்லை. அதனால் மேல்பகுதி துடிக்கிறது, அடிப்பகுதி பெயிண்டில் அசையாமல் ஒட்டி நிற்கிறது. பேடின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கண்ணாடிமேல் லேசாக அழுத்தி ஓட்டிப் பாருங்கள். கோட்டின் மேல்முனை மங்கலாகத் தெரியும், கீழ்முனை கூர்மையாகவே நிற்கும். அந்த மங்கலான இடத்தில்தான் மோட்டாரின் உழைப்பு முழுக்கச் சூடாகிப் போகிறது. 15 மி.மீ. வீச்சில் அதே நுரை 17 பாகை சாய வேண்டும். அவ்வளவு சாய முடியாமல் வழுக்கி, பெயிண்டை உரசத் தொடங்குகிறது.

ஆகவே சாண்டரில் பாலிஷ் போட்டே தீருவேன் என்பவர் முதலில் மாற்ற வேண்டியது பேடை. 10 முதல் 15 மி.மீ. தடிமனுள்ள, கொஞ்சம் இறுக்கமான நுரை அல்லது மெல்லிய மைக்ரோஃபைபர் பேட் எடுக்கவும். பிளேட் கடினமாக இருக்கிறதே என்று நடுவில் இன்டர்ஃபேஸ் பேட் எனப்படும் மெத்தென்ற இடைநுரை ஒன்றைச் செருகுவது வழக்கமான தப்பு. மிச்சமிருக்கும் அசைவையும் அது விழுங்கிவிடும்.

யாரும் பார்க்காத எண்: குறைந்தபட்ச வேகம்

பெட்டியில் 12,000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பாலிஷுக்கு அதனால் பயனில்லை. தேவைப்படுவது அடிமட்ட வேகம். மகிட்டா பிஓ5041 என்ற சாண்டர் நிமிடத்துக்கு 4,000-இலிருந்து தொடங்குகிறது. டிவால்ட் டிடபிள்யூஇ6423 தொடங்குவதே 8,000-இல். முதல் வகையில் பாலிஷைப் பரப்பிவிட்டு வேகத்தைக் கூட்டலாம். இரண்டாவதில் சுவிட்சைத் தட்டிய கணமே பாலிஷ் கதவு, கண்ணாடி, சட்டை எல்லாவற்றிலும் தெறிக்கும். வேகக் கட்டுப்பாடே இல்லாத சாண்டரை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

அதிவேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வெல்க்ரோவின் கொக்கிகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். எமரி வட்டுக்கு அது பெரிய தொல்லையில்லை. தடித்த நுரைப் பேடிலோ சூடு வெளியேற வழியின்றி நடுவில் தேங்கும். ஒட்டுப்பசை இளகி நுரை பிய்ந்து வரும், கொக்கிகள் உருகி மழுங்கும். அதன்பிறகு எமரி வட்டும் அந்தப் பிளேட்டில் ஒழுங்காக நிற்காது.

எதிர்எடை, பிரேக் ரிங், துளைகள்

சாண்டரின் எதிர்எடை, சில கிராம் எடையுள்ள தாளுக்காகச் சமன்செய்யப்பட்டது. பாலிஷில் ஊறிய நுரைப் பேட் அதைப்போலப் பல மடங்கு கனம். விளைவு அதிர்வு. பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். பேரிங்கின் ஆயுளும் குறையும்.

பிளேட்டுக்கு மேலே ஒரு ரப்பர் வளையம் உரசிக்கொண்டிருக்கும். அதுதான் பிரேக் ரிங். சாண்டரைத் தூக்கும்போது பிளேட் தறிகெட்டுச் சுழலாமல் தடுப்பது அதன் வேலை. பாலிஷ் போடும்போது அதே வளையம் பேடின் சுழற்சிக்குத் தடை. கழற்றினால் சுழற்சி கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஓடும்போதே தூக்கினால் பேட் விசிறியாகிப் பாலிஷை வீசியடிக்கும். மரவேலைக்குத் திரும்பும்போது வளையத்தை மாட்ட மறந்தால், மரத்தில் வட்ட வட்டமாகக் கீறலும் விழும். அதைக் கழற்றாமல் விடுவதே மேல்.

பிளேட்டில் தூசி உறிஞ்ச இருக்கும் துளைகளை அலட்சியம் செய்யக் கூடாது. சாண்டருக்குள் ஒளிந்திருக்கும் எமரித் துகள் ஒன்று ஈரமான பேடில் விழுந்தால், நீக்க வந்த கீறலைவிட ஆழமான கீறல் விழும். பிளேட்டைக் கழற்றி, காற்றழுத்தத்தால் ஊதி, ஈரத்துணியால் துடைத்து, வெளியில் இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட வேண்டும். தூசிப் பையைக் கழற்றி அதன் வாயை டேப்பால் அடைக்கவும். மோட்டாரின் காற்றோட்டத் துளையை மட்டும் தொடக் கூடாது.

எதிரே நிற்பவர்கள்

டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்தான் (மேலே சொன்ன 8, 15, 21 மி.மீ. வீச்சுள்ள வகை) இதில் வெல்கிறது என்பதில் சந்தேகமில்லை. 8 மி.மீ. வீச்சுள்ளது சமாளிக்க எளிது. வளைவான இடங்களில் தயங்காது. 15 மி.மீ. வீச்சுள்ளது பொதுவேலைக்கு. 21 மி.மீ. வீச்சுள்ளது பானெட், கூரை போன்ற விரிந்த பரப்புகளில் வேகம். கண்ணாடிக் கூட்டின் அருகே சிரமம். எல்லாவற்றுக்கும் ஒரு பலவீனம் பொது: பேடைச் சாய்த்தாலோ அதிகம் அழுத்தினாலோ சுழற்சி நின்றுவிடும். பிளேட்டின் விளிம்பில் மார்க்கர் கோடு போட்டால், சுற்றுகிறதா வெறுமனே நடுங்குகிறதா என்று ஓடும்போதே தெரியும். சாண்டரில் இந்தக் கோடு கட்டாயம்.

ரோட்டரி பாலிஷர் முற்றிலும் வேறு ரகம். வீச்சே இல்லாமல் பேடை நேராகச் சுழற்றுவது. 150 மி.மீ. பேடை 1,500 ஆர்பிஎம்-இல் சுழற்றினால் விளிம்பு நிமிடத்துக்கு 707 மீட்டர் ஓடுகிறது. ஆழமான கீறலுக்கு இதுதான் பலசாலி. ஹோலோகிராம் எனப்படும் வெயிலில் தெரியும் அலைக்கோடுகளையும், பழகாத கையில் எரிந்த விளிம்பையும் தருவது இதுவே. பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. டிரில்லில் மாட்டும் பேட் ரோட்டரியின் ஏழைத் தம்பி. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் பேரிங்கும் இல்லை, பிடிக்கச் சரியான கைப்பிடியும் இல்லை. 10,000 ஆர்பிஎம்-ஐத் தாண்டும் ஆங்கிள் கிரைண்டரில் பேடை மாட்டுவது பெயிண்டைப் பொசுக்கும் குறுக்கு வழி.

சாண்டர் குலத்தில் ஒரு விதிவிலக்கு ஃபெஸ்டூல் ரோடெக்ஸ் 150. 5 மி.மீ. வீச்சுதான், ஆனால் கியரால் பேடைக் கட்டாயமாகச் சுழற்றும் முறை அதில் உண்டு, அழுத்தினாலும் நிற்காது. அதை ஏற்கெனவே வைத்திருப்பவர் வேறு பாலிஷர் தேட வேண்டியதில்லை.

சாண்டரிலேயே செய்வதானால்

வண்டியைக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிக்கட்டியால் தேய்த்து, ரப்பர் விளிம்புகளையும் கூர்மையான மடிப்புகளையும் டேப்பால் மறைக்கவும். மடிப்பில் பெயிண்ட் மெல்லியது. பேடில் பட்டாணி அளவில் நான்கு துளி ஃபினிஷிங் பாலிஷ் (மென்துகள் கொண்டது) போதும். கரடான துகளுள்ள கனமான காம்பவுண்ட் வேண்டாம். அதன் துகளை உடைக்கும் உரசல் இந்தக் கருவியில் கிடைக்காது, அரைகுறையாக உடைந்த துகள் பனிமூட்டம் போன்ற மங்கலை விட்டுச்செல்லும். 40 செ.மீ. சதுரம் எடுத்து, பேடைப் பெயிண்டில் வைத்தபின்பே சுவிட்சைப் போடவும். அடிமட்ட வேகத்தில் பரப்பி, பிறகு நடுவேகத்தில் விநாடிக்கு 2–3 செ.மீ. என்ற நிதானத்தில், பாதிக்குப் பாதி மேல்விழும்படி குறுக்கும் நெடுக்குமாக ஆறு முறை. சாண்டரின் எடைக்கு மேல் கொஞ்சம்தான் அழுத்தலாம். மார்க்கர் கோடு நின்றால் கையைத் தளர்த்தவும்.

துடைத்தவுடன் பளபளப்பதை நம்ப வேண்டாம். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். தண்ணீர் கலந்த ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, எல்ஈடி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் நிஜம் தெரியும். கழுவும்போது விழுந்த மயிரிழைக் கீறல்கள் குறைந்திருக்கும். நகத்தில் தட்டுப்படுகிற கீறல் அப்படியே இருக்கும். மெழுகும் சீலன்ட்டும் பூசவோ, உரசல் வேண்டாம் என்பதால், சாண்டர் குறையில்லாமல் உதவும்.

சாண்டர் ஜெயிக்கும் இடம்

வேடிக்கை என்னவென்றால், கார் பெயிண்டில் சாண்டருக்கு நியாயமான வேலை ஒன்று இருக்கிறது: தேய்ப்பது. பெயிண்டில் உறைந்த தூசிப்புள்ளி, ஆரஞ்சுத்தோல் போன்ற மேடுபள்ளம் ஆகியவற்றைச் சமன்செய்ய 2.5 முதல் 3 மி.மீ. வரையிலான குட்டி வீச்சே தேவை. அது விடும் கீறல் சிறியது, ஒரே சீரானது. நுரை முதுகுள்ள 3,000 கிரிட் (மிக நுண்ணிய) வட்டை மாட்டி, தண்ணீரை ஊற்றாமல் வட்டில் லேசாகத் தெளித்து ஓட்ட வேண்டும். மின்கருவி என்பதால் ஈரம் வட்டோடு நிற்கட்டும், பேட்டரி சாண்டரானால் இன்னும் நல்லது. சில விநாடிக்கொரு முறை துடைத்து, சுருள்வால் மாதிரி கீறல் தெரிகிறதா என்று பார்க்கவும். தெரிந்தால் வட்டுக்கடியில் துகள் சிக்கியிருக்கிறது, வட்டை மாற்றவும். 3,000 கிரிட் விட்ட மங்கலை எடுக்க அதே சாண்டரில் நுரைப் பேடை மாட்டினால் ஒரு கதவுக்கே பொழுது சாய்ந்துவிடும். அந்தக் கட்டத்தில் 15 மி.மீ. பாலிஷர் ஒன்றை இரவலாவது வாங்க வேண்டியிருக்கும்.