மாடல் கிட் பெயின்ட் பண்றவங்க தின்னர் வாங்கும்போது ஜாக்கிரதை, எனக்கு நடந்தத படிங்க

தண்டையார்பேட்டைல இருந்து எழுதுறேன். புதுசா ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயின்ட் தெளிக்கிற சின்ன கன்) வாங்கினவங்க இத முழுசா படிச்சிடுங்க, ரெண்டு நாளா எனக்கு வயிறு எரியுது.

ஒரு வருஷம் காசு சேத்து ஜப்பான் கம்பெனி ஹாசேகாவாவோட 1/20 அளவு ஃபால்கே பிளாஸ்டிக் கிட் (துண்டு துண்டா வர்றத நாமளே ஒட்டி பெயின்ட் அடிக்கிறது) வாங்கினேன். 1982ல ஹாபி ஜப்பான் பத்திரிகைல கோ யோகோயாமாங்கற டிசைனர் ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர் ஆரம்பிச்சாரே, இன்னைக்கு மாஷினன் க்ரீகர்னு சொல்றாங்களே, அதுல வர்ற பறக்குற வண்டி. உடம்பு பூரா வளைவு வளைவா இருக்கும், அதனால ஷேடிங் பண்ணா அவ்ளோ அழகா எடுத்துக்கொடுக்கும், அதுக்காகவே வாங்கினது. நம்ம பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்குற கடைல டமியா கம்பெனியோட எக்ஸ்-20ஏ தின்னர் (அவங்க அக்ரிலிக் பெயின்ட்ட நீர்க்க வைக்கிறது) 250 மில்லி வாங்கினேன். மூடி லூசா இருந்துச்சு, லேபிள் ஓரம் உரிஞ்சிருந்துச்சு, கேட்டா "ஸ்டாக் அப்படித்தான் சார் வருது"ன்னாரு. பில்லுன்னு ஒரு துண்டுச்சீட்டுல "பெயின்ட் ஐட்டம்"னு எழுதிக் குடுத்தாரு. நானும் வாங்கிட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை மொட்டை மாடி படிக்கட்டு ரூம்ல உக்காந்து பேனல் லைன் (உடம்புல தகடு சேர்ற எடத்துல இருக்குற கோடு) எல்லாத்துலயும் டமியாவோட எக்ஸ்எஃப்-1 கறுப்பு 0.3 மி.மீ. நாசில்ல மெல்லிசா இழுத்து, மேல எக்ஸ்எஃப்-20 கிரேவ நடுவுல இருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சேன், அந்தக் கறுப்பு அடில நிழல் மாதிரி லேசா தெரிஞ்சப்போ மனசே நெறஞ்சு போச்சு. இது வரைக்கும் பழைய பாட்டில்ல மிச்சமிருந்த தின்னர்தான், அதனால ஒண்ணும் தெரியல. பின்பக்கம் ஒரு எடத்துல கிரே ஜாஸ்தியாயி நிழல் மறைஞ்சுடுச்சு, சரி தொடச்சிட்டு திரும்ப அடிப்போம்னு புது பாட்டில்ல பட்ஸ் முக்கி தேய்ச்சேன், கேனபி (விமானி உக்கார்ற எடத்து கண்ணாடி மூடி) ஓரத்துல பட்டிருந்த பெயின்ட்டையும் அப்படியே ஒரு இழுப்பு இழுத்துட்டேன்.

பெயின்ட்டோட அதுக்கு அடில அடிச்சிருந்த ப்ரைமரும் வழிச்சிக்கிட்டு வந்துச்சு. பிளாஸ்டிக் பிசுபிசுன்னு ஆயி பட்ஸோட பஞ்சு நூல் நூலா அதுலயே ஒட்டிக்கிச்சு, பேனல் லைன் எங்க இருந்துச்சுன்னே தெரியல. கேனபி வெள்ளையா பூத்து உள்ள நெறைய மயிர்க்கோடு விட்டுடுச்சு.

கடைக்கு போன் போட்டா "உங்க ஏரியா கடக்காத்து சார், ஈரத்துல வெளுக்கத்தான் செய்யும்"ங்கறாரு. ஈரக்காத்துல லாக்கர் அடிச்சா வெளுக்கும், அது நெஜம், ஆனா பிளாஸ்டிக் எப்படிங்க கரையும்? சந்தேகம் வந்து கிட்டோட ரன்னர்ல (பாகங்கள் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டம்) ரெண்டு துண்டு வெட்டி பழைய தின்னர் ஒரு சொட்டு, புது தின்னர் ஒரு சொட்டு வெச்சேன். அஞ்சு நிமிஷத்துல புதுசு வெச்சது நகம் பதியுற அளவுக்கு இளகிடுச்சு, பழசு வெச்சது அப்படியே இருக்கு. எங்க தெரு முனைல டிங்கரிங் ஷெட் இருக்கு, அங்க வேலை செய்யுற பையன்கிட்ட மோந்து பாக்க சொன்னேன், மூடிய தொறந்த உடனே "அண்ணா இது என்சி தின்னர்ணா, நாங்க வண்டிக்கு அடிக்கிறது"ன்னு சொல்லிட்டான். என்சின்னா நைட்ரோ செல்லுலோஸ், அந்த லாக்கர் பெயின்ட்டுக்கு ஊத்துற தின்னர். கம்பெனி மேல தப்பு இல்லீங்க, காலி பாட்டில்ல இத ரொப்பி விக்கிறாங்க. நெஜ எக்ஸ்-20ஏ ஸ்பிரிட் வாசனை அடிக்கும், இது நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி மூக்குல ஏறுது.

நேர்ல போனேன். "மூடி தொறந்துட்டீங்க, எடுக்க முடியாது"ன்னு கைய விரிச்சுட்டாரு. காசு போனது கூட பரவால்ல, டொலுவீன் மாதிரி ஐட்டம் கலந்தது இது, நல்லவேளை எம்பொண்ணு அன்னைக்கு மாடிக்கு வரல.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் குடுத்திருக்கேன், பாட்டிலும் துண்டுச்சீட்டும் பத்திரமா வெச்சிருக்கேன். பில்லுல சரக்கு பேர் எழுதி வாங்காம விட்டது என் தப்பு, நீங்க விடாதீங்க. பாரிஸ் பக்கம் சமீபத்துல தின்னர் வாங்கி வெச்சிருந்தா கிட்ல தொடுறதுக்கு முன்னாடி ரன்னர்ல ஒரு சொட்டு வெச்சு பாத்துடுங்க.