அம்மாவின் தையல் மேஜைக்கு அடித்த எனாமல்

அம்மாவின் தையல் மேஜை என்னிடம் வந்தபோது பழுப்பு பெயின்ட் பாளம் பாளமாக உரிந்து கிடந்தது. தேய்த்துக்கொண்டே போனதில் இழுப்பறை ஓரத்தில் ஒரு வெளிர் பச்சை தெரிந்தது. லேசாகப் பாசி கலந்த மாதிரியான பச்சை. சின்ன வயதில் நான் நூல்கண்டு தேடித் திறந்த மேஜையின் நிறம் அது. அதற்காகத்தான் பழைய காலத்து நிறங்களில் வரும் ஆயில் எனாமல் பெயின்ட் ஒரு சின்ன டப்பா வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது, எனக்குப் பரம திருப்தி. ஆனால் ஒரே நாளில் வேலை முடிய வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

உலோகத்தின் மேல் கண்ணாடியை உருக்கிப் பூசுவதுதான் அசல் எனாமல். அந்த மினுமினுப்பு இருப்பதால் பெயின்டுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. உள்ளே இருப்பது ஆல்கிட், அதாவது எண்ணெய் சேர்த்துச் செய்த செயற்கைப் பிசின். பெயின்டை இளக்கச் சேர்க்கும் டர்பன்டைன் ஆவியாகிப் போனால் மட்டும் இது காய்ந்துவிடாது. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறுகும். அப்படி மெதுவாகக் காய்வதால்தான் பிரஷ் கோடுகள் தானாகவே பரவிச் சமமாகின்றன. தண்ணீரில் கரையும் பெயின்ட் சீக்கிரம் காய்கிறது, வாடையும் குறைவு. ஆனால் என் கைக்கு அதில் கோடுகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

மேஜையின் முதல் காலில் பெயின்டைக் கனமாக அடித்துவிட்டேன். மறுநாள் காலையில் பால் ஆடை மாதிரி சுருங்கிப் போயிருந்தது. மேல்பரப்புக்கு முதலில் காற்று கிடைத்து அது இறுகிவிட்டது, அடியில் இன்னும் ஈரம். முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் டர்பன்டைன் கலந்து மெலிதாக இரண்டு பூச்சு அடித்தேன். நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி, 320 நம்பர் உப்புத்தாளில் லேசான தேய்ப்பு. ஒவ்வொரு பூச்சும் ஈரமாக இருக்கும்போதே வெறும் பிரஷின் நுனியால், கனமே வைக்காமல், மரத்தின் நீளவாக்கில் ஒரே இழுப்பு இழுத்துவிட வேண்டும். இழுத்த கோடுகள் கண்ணெதிரே கரைந்து மறைவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும்.

பழைய பெயின்டைத் தேய்க்கும்போது மட்டும் கவனம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். நான் தண்ணீர் தொட்டுத்தான் தேய்த்தேன், தூசி பறக்கவில்லை. சரியான மாஸ்க் போட்டுக்கொண்டேன், குழந்தைகளைப் பக்கத்தில் விடவில்லை. மரம் நன்றாக உலர்ந்த பிறகு பள்ளத்தை அடைக்கப் பட்டி, அடிப்பூச்சாக பிரைமர் எல்லாம் வழக்கம்போலத்தான். பெயின்ட் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், குவியலாகக் கிடந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

குறை என்று பார்த்தால் வாடைதான். ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தும் மூன்று நாள் அந்த அறையில் உட்கார முடியவில்லை. இன்னொன்று, தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஒரு வாரத்தில் பூச்சட்டியை வைத்தேன், அடியில் வளையமாகத் தடம் விழுந்துவிட்டது. ஒரு மாதமாவது சும்மா விடுங்கள். வெள்ளை நிறத்துக்கு இதை வாங்க வேண்டாம். வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகிவிடும். நுணுக்கமான செதுக்கு வேலை உள்ள சாமான்களுக்கும் நான் அடிக்க மாட்டேன், பள்ளமெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

தினமும் கை படுகிற மேஜை, நாற்காலி, ஸ்டூல் என்றால் தாராளமாக வாங்கலாம். இந்த எட்டு மாதத்தில் என் மேஜை மேல் கத்தரிக்கோல் விழுந்திருக்கிறது, இஸ்திரிப் பெட்டி உரசியிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் பழையபடி பளபளக்கிறது. இழுப்பறையின் பக்கவாட்டில் மட்டும் அடிக்காமல் விட்டேன். அடித்திருந்தால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது. அந்த மரத்தில் அம்மா பென்சிலால் குறித்து வைத்த அளவுகள் இன்னும் இருக்கின்றன.