பழைய பிலிம் கேமரா வாங்கப் போறவங்க பாருங்க: 14,000 ரூபாய் போச்சு

வடசென்னையில், பழைய கேமரா வாங்கி விற்கிற கடை. பேர் போடவில்லை. பென்டாக்ஸ் கே1000, 50 எம்எம் லென்ஸோடு 14,000 ரூபாய். நேற்றுதான் முதல் ரோல் கழுவி வந்தது. வயிறு எரியுது.

ஏமாந்தது ஒரே இடத்தில். டிஜிட்டல் எஸ்எல்ஆருக்குக் கேட்கிற கேள்வியை இதற்கும் கேட்டேன்: "எத்தனை ஷாட் ஓடியிருக்கு?" கடைக்காரர் பின்மூடியைத் திறந்து உள்ளே காட்டினார், மூடினார், மேலே இருக்கிற குட்டி ஜன்னலில் விரலை வைத்தார். "பாரு தம்பி, கவுன்ட்டர் ஆரம்பத்துலயே நிக்குது. ஆளே தொடாத பீஸு."

நிக்கான் டிஜிட்டல் என்றால் ஷட்டர் எண்ணிக்கை படக் கோப்பிலேயே இருக்கும். பிலிம் கேமரா ஜன்னல் அந்த ரோலில் எத்தனையாவது படம் என்பதை மட்டும்தான் காட்டும், மூடியைத் திறந்தாலே தொடக்கத்துக்குப் போய்விடும். தெரிந்த விஷயம்தான். அந்த நிமிஷம் மண்டையில் ஏறவில்லை. எண்ணிக் கொடுத்தேன், 14,000.

வீட்டுக்குள் 1/60 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தது சுத்தமாக இருக்கிறது. காசிமேட்டு வெயிலில் 400 வேக பிலிம், லென்ஸ் துளை எஃப்11, ஷட்டர் 1/1000-இல் எடுத்த பதினோரு படமும் ஒரு பக்கம் கருப்பு. ஷட்டரில் இரண்டு துணித் திரைகள் குறுக்கே ஓடும். 1/1000-இல் நடுவில் மெல்லிய இடுக்குதான். எண்ணெய் காய்ந்து முதல் திரை தளர்ந்தால் பின்னது அதைப் பிடித்துவிடும், இடுக்கு பாதியில் மூடிவிடும். போதாததற்கு ஆரஞ்சு கீற்று வேறு. மூடியின் பள்ளத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கிற ஸ்பாஞ்ச் தார் மாதிரி உருகிக் கிடக்கிறது. டிஜிட்டலில் முதல் கிளிக்கிலேயே திரையில் தெரிந்திருக்கும். இதில் 36-ம் முடிந்து, கழுவிய பிறகுதான்.

போன் செய்தால், "லேப்ல ஒழுங்கா கழுவல." கழுவியது தப்பு என்றால் பிலிம் ஓரத்தில் கம்பெனி அச்சிட்ட எழுத்தும் மங்கியிருக்கும். அது பளிச்சென்று இருக்கிறது. சொன்னேன். "அப்போ பிலிம் எக்ஸ்பைரி." நேரில் போனால், "பழைய சாமானுக்கு இன்னா கேரன்ட்டி? 14,000-க்கு புதுசா கெடைக்கும்?" இப்போது போனே எடுப்பதில்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான சுவரைப் பார்த்து 1/1000-இல் பத்து தடவை அடியுங்கள். பிலிம் நிற்கிற கட்டம் முழுக்க மின்னணும், ஒரு பக்கம் இருண்டால் வைத்துவிட்டு வாருங்கள். 1 நொடி வேகத்தில் ஷட்டர் நிஜமாகவே ஒரு நொடி திறந்திருக்கிறதா என்று மொபைலில் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஸ்பாஞ்சை நகத்தால் தொடுங்கள், ஒட்டினால் விலையில் கழியுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள், நம்ம கடல் காற்றுக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். "பேட்டரி இல்லாமலே ஓடும்" என்பான். ஷட்டர் ஓடும், வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஓடாது, எல்ஆர்44 பட்டன் பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

ரசீதை எழுதி வாங்குங்கள். என்னிடம் இருப்பது கடை பேர்கூட இல்லாத துண்டுச் சீட்டு: "கேமரா 1, 14,000."