எக்ஸ்டென்ஷன் அப்டேட் ஆனதும் நெட் வேகம் குறைந்தால் எந்த ஸ்பீட் டெஸ்டை நம்பலாம்?

பிரவுசரில் நாம் சேர்த்துவைக்கும் சின்னத் துணை மென்பொருளான எக்ஸ்டென்ஷன் ஏதோ ஒன்று தானாக அப்டேட் ஆகிறது, அன்று ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 200 எம்பிபிஎஸ் பிளானில் 30, 40 என்று காட்டுகிறது, உடனே எல்லோரும் கஸ்டமர் கேருக்குத்தான் போன் போடுகிறார்கள். அங்கே "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பார்கள். பண்ணியும் சரியாகவில்லை என்றால் டெக்னீஷியன் வருவார், தன் போனில் ஒரு டெஸ்ட் போட்டு 190 வருவதைக் காட்டுவார், லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் சொன்னது உண்மைதான், உங்கள் லேப்டாப்பில் நீங்கள் பார்த்ததும் உண்மைதான். லைனில் வேகம் வருகிறது, பிரவுசருக்குள் நுழையும்போது குறைகிறது. இதைப் பிரித்துக் காட்ட எந்த ஸ்பீட் டெஸ்ட் உதவுகிறது என்று பார்க்கத்தான் நான் பயன்படுத்தும் சேவைகளை ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரவுசருக்குள் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஸ்பீட் டெஸ்ட் பக்கம், பிரவுசருக்கு வெளியே ஸ்பீட்டெஸ்ட் டாட் நெட்டை நடத்தும் ஊக்லாவின் ஆப். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் குற்றவாளி லைனா, பிரவுசரா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மற்றவை எல்லாம் கூடுதல் சாட்சிக்குத்தான்.

எல்லோருக்கும் தெரிந்த ஸ்பீட்டெஸ்ட் டாட் நெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். இதை ஊக்லா நிறுவனம் 2006இல் தொடங்கியது. இதன் பலம் சர்வர்களின் எண்ணிக்கை, எந்த ஊரில் இருந்தாலும் பக்கத்தில் ஒன்று இருக்கும். பலவீனமும் அங்கேயேதான். தானாகத் தேர்வாகும் சர்வர் பல நேரம் உங்கள் இன்டர்நெட் கம்பெனியே தன் நெட்வொர்க்குக்குள் வைத்திருப்பதாக இருக்கும், அதனால் வீட்டிலிருந்து கம்பெனி வரைக்குமான வேகம்தான் தெரியும், அதற்கு அப்பால் இருக்கும் நெரிசல் தெரியாது. நான் எப்போதும் சர்வரை மாற்றி, வேறு கம்பெனி வைத்திருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் பார்ப்பேன். அதே பக்கத்தில் மல்டி, சிங்கிள் என்று இரண்டு கனெக்‌ஷன் முறைகள் இருக்கின்றன, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மல்டியில் ஒரே நேரத்தில் பல கனெக்‌ஷன்கள் திறந்து லைனை முழுதாக நிரப்பும். சிங்கிளில் ஒரே ஒரு கனெக்‌ஷன், அதாவது ஒரு பெரிய ஃபைலை ஒரே இடத்திலிருந்து இறக்கும்போது கிடைக்கும் வேகத்துக்கு நெருக்கமானது. மல்டியில் 190, சிங்கிளில் 60 என்று வந்தால் எக்ஸ்டென்ஷனைத் திட்டுவதற்கு முன் வைஃபையையும் சர்வர் இருக்கும் தூரத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் இந்த வெப்சைட் கொஞ்சம் சீக்கிரம் உடைந்துபோகும். விளம்பரம் நிறைந்த பக்கம், அதனால் ஆட் பிளாக்கர் அங்கே நிறைய வேலை பார்க்கிறது. அது மட்டுமில்லாமல் ஊக்லாவின் சர்வர்கள் வெப்சைட்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 443 என்ற போர்ட்டில் (கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வாசல்) இல்லாமல் 8080 போர்ட்டில் பேசுபவை. ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ புதிய அப்டேட்டில் அந்தப் போர்ட்டை மறித்தால், டெஸ்ட் பாதியில் நின்று சாக்கெட் எரர் என்று செய்தி வரும். இங்கே எரர் வந்து, கீழே சொல்லும் ஃபாஸ்ட் டாட் காமிலும் கிளவுட்ஃப்ளேரிலும் முழு வேகம் வந்தால் உங்கள் நெட்டில் ஒரு குறையும் இல்லை, நடுவில் எதுவோ மறிக்கிறது என்று அர்த்தம்.

இந்தத் தொல்லை புதிதும் இல்லை. ஃபிளாஷ் என்ற பிளக்-இன், அதாவது பிரவுசரோடு தனியாக நிறுவ வேண்டிய துணை மென்பொருள், இருந்த காலத்தில் இது இன்னும் மோசம். அப்போது ஸ்பீட் டெஸ்ட்கள் பெரும்பாலும் ஃபிளாஷில் ஓடின, சில ஜாவா ஆப்லெட்டில், அதாவது பக்கத்துக்குள் ஓடும் சின்ன ஜாவா நிரலில், ஓடின. ஃபிளாஷ் அப்டேட் பழையதாகிவிட்டால் பிரவுசர் பிளக்-இன்னையே முடக்கிவிடும், மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம்தான் நிற்கும். 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51, கையொப்பம் இல்லாத ஆப்லெட்களை ஓடவிடாமல் நிறுத்தியது. 2015 செப்டம்பரில் குரோம் 45 பழைய வகை பிளக்-இன் ஆதரவை முழுதாக எடுத்துவிட்டது. 2020 டிசம்பர் 31ஓடு ஃபிளாஷ் கதையும் முடிந்தது. இப்போது எல்லா டெஸ்ட்டும் எச்டிஎம்எல்5இல், பிரவுசரின் சொந்த பலத்தில் ஓடுகின்றன. பிளக்-இன் போனாலும் அந்த இடத்தை எக்ஸ்டென்ஷன் பிடித்துக்கொண்டது, அதுவும் அப்டேட் ஆவதைச் சொல்லாமலே ஆகிவிடுகிறது, அதனால் எப்போது மாறியது என்பதே நமக்குத் தெரிவதில்லை.

சரி, ஊக்லாவின் ஆப் பற்றி. விண்டோஸுக்கும் மேக்குக்கும் தனி ஆப் இருக்கிறது, கமாண்ட் லைனில் ஓடும் ஒன்றும் இருக்கிறது, அது லினக்ஸிலும் ஓடும். இரண்டும் இலவசம், இரண்டுக்கும் பிரவுசர் தேவையில்லை. அதனால் எந்த எக்ஸ்டென்ஷனாலும் இவற்றைத் தொட முடியாது. எனக்குக் கமாண்ட் லைன்தான் பிடிக்கும், ஒரே ஒரு சொல் அடித்தால் போதும், பிங் (பதில் வர ஆகும் நேரம்), ஜிட்டர் (அந்த நேரத்தின் ஏற்ற இறக்கம்), டவுன்லோட், அப்லோட், பாக்கெட் லாஸ் (வழியில் தொலையும் தரவு) எல்லாம் நாலு வரியில் வந்துவிடும், கடைசியில் முடிவைப் பகிர ஒரு லிங்கும் தரும். கம்பெனிக்குப் புகார் எழுதும்போது அந்த லிங்க்கை ஒட்டினால் "பிரவுசர் பிரச்சினை சார்" என்று தட்டிக்கழிக்க அவர்களுக்கு வழியே இல்லை. நெட்டை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் எக்ஸ்டென்ஷனுக்குப் பதில் கம்ப்யூட்டர் முழுவதற்குமான விபிஎன் ஆப் போட்டிருந்தால் மட்டும் இந்த ஆப்பின் அளவும் அதன் வழியாகத்தான் போகும், அதை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் 2016இல் கொண்டுவந்தது. திறந்த உடனே ஓடும், விளம்பரம் கிடையாது, நடுவில் பெரிதாக ஒரு எண், அவ்வளவுதான். அம்மா அப்பாவிடம் போனில் "இதைத் திறந்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள்" என்று கேட்க இதைவிட எளிதான ஒன்று இல்லை. நெட்ஃபிளிக்ஸ் வீடியோ வரும் அதே சர்வர்களிலிருந்து அளப்பதால் வீடியோ ஏன் திக்குகிறது என்று பார்க்க நல்லது. கூடுதல் விவரம் காட்டும் பட்டனை அழுத்தினால் லைன் சும்மா இருக்கும்போது உள்ள லேட்டன்ஸி (பதில் வரும் தாமதம்), நிரம்பி இருக்கும்போது உள்ள லேட்டன்ஸி, அப்லோட், உங்கள் ஊர், கம்பெனி பெயர், சர்வர் இருக்கும் இடம் எல்லாம் வரும். முகப்பில் இதையெல்லாம் ஒளித்து வைத்திருப்பதுதான் எனக்குக் குறை.

அடுத்தது கிளவுட்ஃப்ளேரின் ஸ்பீட் டெஸ்ட், 2020இல் வந்தது. என் கணிப்பில் எக்ஸ்டென்ஷன் சிக்கலைக் கண்டுபிடிக்க இதுதான் முதல் இடம். காரணம் பக்கத்திலேயே இருக்கிறது: உங்கள் ஐபி முகவரி, அது எந்த நெட்வொர்க்குக்குச் சொந்தமானது, எந்த ஊர் சர்வரோடு பேசுகிறீர்கள், மூன்றும் மேப்போடு கண் முன்னால் இருக்கும். என் லேப்டாப்பில் இருந்த ஒரு இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷன், பெயர் வேண்டாம், அப்டேட் ஆனதும் தானாகவே ஆன் ஆகி உட்கார்ந்திருந்தது. ஐகானிலும் எந்த மாற்றமும் இல்லை. ஊக்லா வெப்சைட்டில் வேகம் விழுந்ததைத்தான் முதலில் பார்த்தேன், காரணம் பிடிபடவில்லை. கிளவுட்ஃப்ளேரைத் திறந்தால் சென்னை என்று இருக்க வேண்டிய சர்வர் ஆம்ஸ்டர்டாம் என்று இருக்கிறது, என் கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஹோஸ்டிங் கம்பெனி. லேட்டன்ஸி நூறு மில்லி விநாடிக்கு மேல். இதற்கப்புறம் வேறு ஆராய்ச்சி எதற்கு?

இன்னொரு வசதி, இது ஒரே எண்ணோடு நிற்பதில்லை. 100 கேபி, 1 எம்பி, 10 எம்பி, 25 எம்பி, லைன் வேகமாக இருந்தால் 100 எம்பி என்று பல அளவுகளில் தனித்தனியாக இறக்கி, ஒவ்வொன்றின் முடிவையும் வரைபடமாகக் காட்டும். சின்னக் கோப்புகளில் வேகம் எப்போதுமே குறைவாகத்தான் வரும், கனெக்‌ஷன் சூடு பிடிப்பதற்குள் கோப்பு முடிந்துவிடும். ஆனால் எக்ஸ்டென்ஷன் உள்ள ஜன்னலிலும் இல்லாத ஜன்னலிலும் இதை ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய கோப்பு இரண்டிலும் ஒன்றுபோல இருந்து, சின்னக் கோப்பும் லேட்டன்ஸியும் மட்டும் ஒன்றில் மோசமாக இருந்தால், ஒவ்வொரு கோரிக்கையையும் நிறுத்திச் சோதிக்கும் எதுவோ நடுவில் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். எல்லா அளவிலும் சேர்ந்து விழுந்தால் விபிஎன் அல்லது பிராக்ஸி வழியாகப் போகிறது என்று பாருங்கள். முடிவுகளை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளவும் முடியும். மிகப் பழைய லேப்டாப்பில் வரைபடங்களே கொஞ்சம் பாரமாக இருக்கும் என்பது மட்டும் இதன் குறை.

கூகுளில் ஸ்பீட் டெஸ்ட் என்று தேடினால் மேலேயே ஒரு பட்டன் வருகிறதே, அது எம்-லேப் என்ற அமைப்பின் என்டிடி டெஸ்ட். இது ஒரே கனெக்‌ஷனில் அளக்கிறது. அதனால் 200, 300 எம்பிபிஎஸ் பிளான்களில் ஊக்லாவைவிட இது குறைவாகக் காட்டினால் அதிர்ச்சி அடைய வேண்டாம். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடாமல், நேற்றைய என்டிடியை இன்றைய என்டிடியோடு மட்டும் ஒப்பிட்டால் பயன் உண்டு. முடிவுகள் ஐபி முகவரியோடு ஆராய்ச்சிக்காகப் பொதுவில் வெளியிடப்படும், பட்டனை அழுத்துவதற்கு முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

இப்போது எக்ஸ்டென்ஷன் இல்லாத ஜன்னல் என்றேனே, அதை எப்படித் திறப்பது? பலரும் இன்காக்னிட்டோ என்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் எப்போதோ ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு இன்காக்னிட்டோவில் ஓட அனுமதி கொடுத்திருந்தால் அது அங்கேயும் வந்து நிற்கும். குரோமில் கெஸ்ட் மோட் இதைவிடச் சுத்தம், அங்கே ஒரு எக்ஸ்டென்ஷனும் வராது. ஃபயர்ஃபாக்ஸில் ஹெல்ப் மெனுவுக்குள் ட்ரபிள்ஷூட் மோட் இருக்கிறது. அது ஹார்டுவேர் ஆக்சலரேஷனையும் சேர்த்து அணைத்துவிடும் என்பதால் பழைய மெஷினில் பக்கம் கொஞ்சம் மெதுவாக வரலாம், அதை எக்ஸ்டென்ஷன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கெஸ்ட் மோடில் முழு வேகம் வந்துவிட்டது என்றால் எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணைத்து டெஸ்ட், வேகம் திரும்பாவிட்டால் மீதிப் பாதி என்று போனால் சீக்கிரம் ஆளைப் பிடித்துவிடலாம். குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு சிபியு, எவ்வளவு நெட் தின்கிறது என்று அங்கே வரிசையாகத் தெரியும். யாருக்கும் இது தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிடித்த பிறகு அதை அணைப்பதா, நீக்குவதா? என் பதில் நீக்குவது. 2020இல் கைமாறிய, பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான எக்ஸ்டென்ஷனை 2021 பிப்ரவரியில் தீங்கான மென்பொருள் என்று கூகுள் தன் ஸ்டோரிலிருந்து தூக்கியது. நல்ல பெயரோடு பல வருடம் இருந்த ஒன்று, உரிமையாளர் மாறியதும் அப்டேட் வழியாகவே கெட்டுப்போனது. ஹோலா என்ற இலவச விபிஎன், தன் பயனர்களின் பேண்ட்வித்தையே மற்றவர்களுக்குத் திருப்பி விடுகிறது என்பது 2015இல் வெளியே வந்தது. அதனால் இலவச விபிஎன் வைத்திருப்பவர்கள் டவுன்லோடோடு அப்லோட் எண்ணையும் கட்டாயம் பார்க்க வேண்டும். குரோம் 2024, 2025இல் மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய விதிமுறையில் எழுதிய எக்ஸ்டென்ஷன்களை முடக்கியபோது யூபிளாக் ஆரிஜின் போன்ற ஆட் பிளாக்கர்களும் சேர்ந்து போயின, பலர் அவசரத்தில் பெயர் ஒத்த ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. வேகம் 94க்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, கெஸ்ட் மோடிலும் ஊக்லா ஆப்பிலும் அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதா? அப்படியென்றால் எக்ஸ்டென்ஷனை விட்டுவிடுங்கள். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் உண்மையில் கிடைக்கும் உச்சம் அதுதான். லேன் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது ரூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியில் லிங்க் ஸ்பீட் 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும். வைஃபை மேல் சந்தேகம் இருந்தால் லிப்ரேஸ்பீட் என்ற ஓப்பன் சோர்ஸ் டெஸ்டை வீட்டில் கேபிளில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, மற்ற அறையிலிருந்து அதை அளக்கலாம், வெளி நெட்டே தேவையில்லை. நிறுவக் கொஞ்சம் பொறுமை வேண்டும், எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

டேட்டா வரம்பு உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 200 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 25 எம்பி, டெஸ்ட் பத்து விநாடி ஓடினாலே டவுன்லோடுக்கு மட்டும் 250 எம்பி போய்விடும். போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்துகொண்டு எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்து டெஸ்ட் போடாதீர்கள், அந்த வேலையை வீட்டு பிராட்பேண்டில் வைத்துக்கொள்ளுங்கள்.