விமான நிலையத்துக்கு அருகில் வீடு: வண்ண வரைபடம் போதுமா, தடையின்மைச் சான்று வேண்டுமா?

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பம்மல், கொளப்பாக்கம் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு வரும் குழப்பம் இது. வண்ண வரைபடம் என்பது எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம்வரை கட்டலாம் என்று வண்ணங்களால் காட்டுவது. தடையின்மைச் சான்று என்பது உங்கள் கட்டடத்தின் உயரத்துக்கு விமான நிலைய ஆணையம் தரும் ஒப்புதல்.

செலவு, அலைச்சல்
வரைபடம்: இணையத்தில் பார்க்கலாம். சிவப்பு அல்லாத மண்டலத்தில், உயர வரம்புக்குள் கட்டினால் உள்ளாட்சியே அனுமதி தரும்.
சான்று: விமான நிலைய ஆணையத்துக்கு இணையவழி விண்ணப்பம். மனையின் ஆயத்தொலைவுகளும் (அட்சரேகை, தீர்க்கரேகை) கடல்மட்டத்திலிருந்து தரையின் உயரமும் அளந்த சான்றிதழ் தேவை. சர்வேயர் செலவு நம்முடையது.

துல்லியம்
வரைபடம்: ஒரு வண்ணத்துக்கு ஒரே வரம்பு.
சான்று: உங்கள் மனைக்கென்றே கணக்கிடுவார்கள்.

பலரும் சறுக்குவது உயரத்தில்தான். வரைபடத்தில் உள்ள எண் கட்டடத்தின் உயரம் அன்று, கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். வரம்பு 40 மீட்டர், உங்கள் தரை 14 மீட்டர் என்றால் கையில் இருப்பது 26 மீட்டர்தான். அதற்குள் தண்ணீர்த் தொட்டி, லிப்ட் அறை, ஆண்டெனா எல்லாம் அடங்க வேண்டும். தரகர்கள் இதைச் சொல்வதில்லை!

ஓடுபாதையின் நேர்கோட்டில் கண்டிப்பு அதிகம். விமானம் இறங்கும் பாதைக்குக் கீழே, கட்டடங்கள் தாண்டக் கூடாத ஒரு கற்பனைச் சாய்தளம் உண்டு; பெரிய ஓடுபாதைகளில் அது தொடக்கத்தில் 50 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர்தான் ஏறும்.

சிவப்பு மண்டலமானால் பேச்சே இல்லை, சான்று கட்டாயம். வேறு வண்ணத்தில் இரண்டு மாடி வீடு, வரம்புக்குள் தாராளமாக அடங்குகிறது என்றால் வரைபடமே போதும். அடுக்குமாடி கட்டுவோரும், வரம்பை ஒட்டி நிற்போரும் அடித்தளம் தோண்டும் முன்பே சான்று வாங்கிவிடுங்கள்.