போர்டு மாற்றிய ஹார்டு டிஸ்க்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் ஊர்க் கோயில் கொடைகளில் பதிவு செய்த வில்லுப்பாட்டுகள் அனைத்தும் 1 டிபி கொள்ளளவுள்ள ஒரு 3.5 அங்குல ஹார்டு டிஸ்கில் இருந்தன. ஐப்பசி இடிமழையில் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பழுதானபோது அந்த டிஸ்கின் அடிப்புறத்திலுள்ள மின்சுற்றுப் பலகையான போர்டும் கருகிப்போனது. போர்டு மாற்றிய பிறகும் அதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம்.

டிஸ்கை இணைத்தால் கணினியே இயங்கவில்லை, கழற்றினால் இயங்கியது. இது பெரும்பாலும் டிவிஎஸ் டயோடு ஷார்ட் ஆனதன் அறிகுறி. 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் தனித்தனியே இருக்கும் இந்த டயோடுகள், மின்னழுத்தம் எல்லை மீறும்போது தாம் பழுதாகி மற்றவற்றைக் காக்கின்றன. பல நேரங்களில் ஷார்ட்டான டயோடைக் கழற்றினாலே டிஸ்க் சுழலத் தொடங்கிவிடும். ஆனால் எங்கள் போர்டில் மோட்டாரை இயக்கும் ஐசியும் வெந்திருந்ததால், அதே போர்டு எண் கொண்ட பழைய டிஸ்க் ஒன்றை நாகர்கோவிலில் தேடி வாங்கினோம்.

எண் ஒத்திருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு டிஸ்கிலும் தரவு பதியும் தட்டுகளுக்கும் அதைப் படித்தெழுதும் ஹெட்டுகளுக்கும் ஏற்பத் தொழிற்சாலையில் அமைத்த அளவீடுகள் போர்டிலுள்ள ரோம் என்னும் நினைவகச் சிப்பில் பதிந்திருக்கின்றன. எட்டுக் கால் கொண்ட அந்தச் சிறிய சிப்பைப் பழைய போர்டிலிருந்து ஹாட் ஏர் கொண்டு எடுத்துப் புதிய போர்டில் பற்றவைத்த பிறகே எங்கள் டிஸ்கைக் கணினி அடையாளம் கண்டது. சில போர்டுகளில் இந்த ரோம் முதன்மைச் சிப்புக்குள்ளேயே அடங்கியிருப்பதால் வேலை இன்னும் கடினமாகும். உயிர் பெற்றதும் பதிவுகளை வேறு இரண்டு டிஸ்குகளுக்கு நகலெடுத்தோம். அதுவரை வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தவில்லை.

இத்தனை ஆண்டுகளில் பற்றவைத்த இடம் எந்தத் தொல்லையும் தரவில்லை. தொல்லை தந்தது குளச்சலின் உப்புக்காற்றுதான். போர்டின் அடிப்புறத்தில் ஹெட்டுகளோடும் மோட்டாரோடும் தொடும் உலோகப் பட்டைகள் கறுத்து, டிஸ்க் சில வேளைகளில் தெரியாமல் போனது. ஸ்டார் ஸ்க்ரூக்களைக் கழற்றி, போர்டை மட்டும் எடுத்து, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்ததும் சரியானது. மழைக்காலம் முடிந்ததும் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்பேன். மேல்மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி நானோமீட்டர் அளவே என்பதால், கண்ணுக்குத் தெரியாத தூசியும் உள்ளிருக்கும் பதிவுகளை அழித்துவிடும்.

டிஸ்க் சுழன்று, டக் டக் என்று தட்டும் ஒலி தொடர்ந்து வந்தால் பழுது பெரும்பாலும் உள்ளே இருக்கும். அப்போது போர்டு தேடி அலைய வேண்டாம். யுஎஸ்பி இணைப்பு போர்டிலேயே அமைந்த சில வெளிப்புற டிஸ்குகளில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும்; அதைப் படிக்கப் பழைய போர்டின் சிப்புகளும் தேவைப்படலாம் என்பதால், கருகிய பழைய போர்டைக் குப்பையில் போடாமல் பழுது பார்ப்பவரிடம் டிஸ்கோடு சேர்த்தே கொடுங்கள்.