நார்வேயின் புல்கூரையும் இன்றைய பசுமைக் கூரையும்

நார்வேயின் பழைய மரவீடுகளில் கூரைமேல் புல் வளர்ந்து நிற்கும். பார்க்க அழகுதான், ஆனால் அழகுக்காக வைத்ததில்லை. மழையைத் தடுப்பதும் புல் இல்லை. அடியில் ஓடுபோலப் பல அடுக்காகப் பரப்பிய பிர்ச் மரப்பட்டைதான். அந்தப் பட்டை சுருண்டுகொள்ளாமலும் காற்றில் பறக்காமலும் இருக்க மேலே பாரம் வேண்டும். அதற்குத்தான் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகள். முதல் அடுக்கைப் புல் கீழே பார்க்கவும் அடுத்ததைப் புல் மேலே பார்க்கவும் வைப்பார்கள். மண் சரியாமலிருக்க விளிம்பில் நீளமாக ஒரு கட்டை. சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ வரும். அந்தக் கனமே சுவரின் மரங்களை அழுத்தி இடுக்குகளை மூடிவிடும், குளிரும் குறையும்.

இன்றைய பசுமைக் கூரையில் பட்டையின் வேலையை நீர்புகாத் தாள் செய்கிறது. அதன்மேல் வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, இலேசான மண்கலவை, அப்புறம் வறட்சி தாங்கும் செடம் செடிகள். மெல்லிய வகை 100 கிலோ அளவில் முடிந்துவிடும். தட்டையான கான்கிரீட் கூரைக்கும் பொருந்தும். நகரத்துக்கு இதுதான் சரி. மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதால் சாக்கடைக்குச் சுமை குறைகிறது, கோடையில் கூரையும் கொதிப்பதில்லை. டொராண்டோ 2009இல் பெரிய புதுக் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது.

மரவீட்டுக்கு என்றால் என் ஓட்டு பழையதற்கே. நார்வேயில் இப்போது மரப்பட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் தாளை விரித்து, மேலே அதே புல்கட்டியை அடுக்குகிறார்கள்.